உஷார்! விடிகாலையில் ஓடுகிற பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள்

பிள்ளை குடித்துவிட்டு வந்தால் வாசற்படியிலேயே தெரிந்துவிடும். ராத்திரி முழுக்க செல்போனை நோண்டினால் மறுநாள் கண்ணைப் பார்த்தே திட்டிவிடுவோம். நாலரை மணிக்கு எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டு ஓடப்போகிற பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்? "எங்க பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது, எழுந்தா எக்சர்சைஸ்தான்" என்று சொந்தக்காரர்களிடம் பெருமையடித்துக்கொள்வோம். நான் எச்சரிக்க வந்தது இந்தப் பெருமையைப் பற்றித்தான். கல்லூரி வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு மனசுக்குள் இருக்கிற நோய் உடற்பயிற்சி வேஷம் போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. வீட்டில் இருப்பவர்கள் கைதட்டி வளர்க்கிற நோய் இது.

அவசரப்பட்டு ஷூவை ஒளித்து வைத்துவிடாதீர்கள். முழுக்கப் படித்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

முதலில் சில செய்திகள். 2025 ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் பக்கத்தில், கல்லூரியில் சேர இருந்த 17 வயதுப் பையன் இறந்துபோனான். எடை குறைக்க வேண்டும் என்று யூடியூப் பார்த்து, மூன்று மாதமாகச் சோறு தண்ணியை விட்டுவிட்டு ஜூஸிலேயே இருந்தான், உடற்பயிற்சியும் தொடங்கியிருந்தான் என்று பத்திரிகைகள் எழுதின. அதே வருடம் மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயதுக் கல்லூரி மாணவி. உடம்பு போட்டுவிடும் என்ற பயத்தில் மாதக்கணக்கில் வெந்நீரைக் குடித்தே காலம் தள்ளியிருக்கிறார். வீட்டில் கொடுத்த சாப்பாட்டை ஒளித்து வைத்திருக்கிறார். அனோரெக்சியா நெர்வோசா என்கிற மனநோயாக இருக்கலாம் என்றார்கள் மருத்துவர்கள். 2026 ஜனவரியில் மதுரையில் 19 வயதுக் கல்லூரி மாணவி. யாரோ வீடியோவில் சொன்னார்கள் என்று நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டு உயிரை விட்டார். வெங்காரம் என்றால் பத்தர் பட்டறையில் நகையைப் பற்றவைக்கப் போடுகிற பொருள். அதை வயிற்றுக்குள் போட்டால் தொப்பை கரையுமாம்!

மூவரும் கல்லூரி வாசலில் நின்ற வயசு. பிளஸ் டூ முடித்து, கல்லூரி திறப்பதற்குள் 'ஆளே மாறிப் போய் நிக்கணும்' என்று பிள்ளைகளுக்கு ஒரு வெறி வருகிறது. மே, ஜூன், ஜூலை மாதங்களில் பெற்றோர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டியது ஃபீஸ் ரசீதை மட்டுமல்ல.

குளச்சலும் மதுரையும் எங்கோ இருக்கின்றன, ஓரிக்கையில் என்ன வந்தது என்று கேட்கலாம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், பாலாற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர் எங்களுடையது. வெளியூர்க்காரர்களுக்குப் பஸ் பணிமனையையும் மகா பெரியவர் மணிமண்டபத்தையும் சொன்னால் தெரியும். பாதி கிராமம், பாதி டவுன். ஒரு வீட்டில் தறிச் சத்தம் கேட்கும், அடுத்த வீட்டுப் பிள்ளை ஏனாத்தூருக்கோ பச்சையப்பனுக்கோ கிளம்பிக்கொண்டிருக்கும். விடிகாலையில் அந்தச் சாலையில் ஓடுகிறவர்களை நின்று பார்த்தால் மூன்று தினுசு தெரியும். சர்க்கரைக்குப் பயந்து நடக்கிற பெரியவர்கள். போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிற பையன்கள். மூன்றாவதாக, தேர்வும் கிடையாது, பந்தயமும் கிடையாது, ஆனால் ஒரு நாள் ஓடாவிட்டால் உயிர் போய்விடும் என்பதுபோல ஓடுகிற சில பேர். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்த மூன்றாவது தினுசைப் பற்றியது.

அப்படி ஒருவனைக் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். இரண்டாம் வருஷம் பி.காம். படிக்கிற பையன், தூரத்து உறவு. பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து இட்லியைக் கிள்ளிக் கிள்ளி ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் அக்கா விடாப்பிடியாக ஒரு ஜாங்கிரியை வாயில் திணித்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். கை கழுவப் போனவன் திரும்பி வரவே இல்லை. வண்டிச் சாவி அவனிடம் இருந்ததால் தேடிக்கொண்டு போனேன். மண்டபத்தின் பின்பக்க மாடிப்படியில், பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. "என்னப்பா பண்ற?" என்றேன். கையிலிருந்த போனில் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஜாங்கிரிய எரிச்சிட்டு வந்துடறேன் மாமா" என்றான்.

கடன்காரன் வட்டி கட்டுகிற குரல் அது. அவன் அம்மாவோ கீழே நின்று, "பாருங்களேன், கல்யாணத்துலகூட எக்சர்சைஸ விடமாட்டான்" என்று பூரித்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டது குற்றம், ஓடுவது தண்டனை. இந்தக் கணக்கு பிள்ளைகளின் தலைக்குள் எப்படி ஏறியது? நாம்தான் ஏற்றினோம். லேட்டாக வந்தால் கிரவுண்டை நாலு ரவுண்டு ஓடு. வீட்டுப்பாடம் எழுதவில்லையா, ஐம்பது தோப்புக்கரணம். பேசினால் முட்டி போடு. 2018 ஜனவரியில் சென்னையில் ஒரு பள்ளிக்குத் தாமதமாக வந்த பத்தாம் வகுப்பு மாணவனை வாத்து நடை போடவைத்தார்கள். மயங்கி விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அது உச்சம். அந்த அளவுக்குப் போகாத சின்னச் சின்ன வாத்து நடைகள் தினமும் நடக்கின்றன. இன்னொரு பக்கம், விளையாட்டுக்கென்று இருக்கிற ஒரே பி.டி. பீரியடையும் பரீட்சை வந்தால் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. இப்படிப் பன்னிரண்டு வருஷம் உடம்பை அசைப்பதைத் தண்டனையாக மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை, கல்லூரிக்கு வந்ததும் இரண்டில் ஒன்று செய்கிறது. பெரும்பாலானவர்கள் சனியன் தொலைந்தது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்தியாவில் பெரியவர்களில் சரிபாதிப் பேர் போதிய அளவு உடம்பை அசைப்பதே இல்லை, பெண்களில் அது பாதிக்கும் மேலே என்று 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் சொன்னது. மிச்சமிருக்கிற சிலர், அந்தத் தண்டனையைத் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அதற்குத் தூபம் போடுவது நம் நலம் விசாரிப்பு. "என்னடி, பூசினாப்ல இருக்க?" "என்னடா இப்படி நோஞ்சானா போயிட்ட, ஹாஸ்டல்ல சோறு போடறதில்லையா?" நம்மூரில் நலம் விசாரிப்பதென்றாலே எடை விசாரிப்பதுதான். கேட்ட அத்தை அடுத்த நிமிஷம் மறந்துவிடுவாள். கேட்கப்பட்ட பிள்ளை அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் நிற்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உடற்பயிற்சி மனசுக்கு நல்லது. அதில் சந்தேகம் வேண்டாம். 2018-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் 12 லட்சம் அமெரிக்கர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு, செய்யாதவர்களைவிட 'மனசு சரியில்லை' என்று சொல்லும் நாட்கள் 43 சதவீதம் குறைவு. வாரத்துக்கு மூன்றிலிருந்து ஐந்து நாள், தடவைக்கு முக்கால் மணி நேரம் செய்தவர்கள்தான் நல்ல மனநிலையில் இருந்தார்கள். கூட்டமாக ஆடுகிற விளையாட்டுக்காரர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். ஆனால் மாதத்துக்கு 23 தடவைக்கு மேல், அல்லது ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் என்று போனவர்களின் மனநிலை சரிந்திருந்தது. அதிகமாகச் செய்ததால் மனசு கெட்டதா, மனசு கெட்டதால் அதிகமாகச் செய்தார்களா என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. பெற்றவர்களுக்கு அது முக்கியமும் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் மணி அடிக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு பழைய விஷயம். பேக்லண்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், உடற்பயிற்சியை நிறுத்தினால் தூக்கம் எப்படி ஆகிறது என்று பார்க்க ஆள் தேடினார். 1970-ல் அந்த ஆய்வு வெளியானது. ஒரு மாதம் பயிற்சியை நிறுத்தினால் பணம் தருவதாகச் சொன்னார். வாரத்தில் ஐந்தாறு நாள் செய்கிறவர்கள் எவ்வளவு கொடுத்தாலும் முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் மூன்று நாலு நாள் செய்கிறவர்களை வைத்துத்தான் ஆய்வை நடத்தினார். உடற்பயிற்சிக்கும் ஒரு பிடி உண்டு என்று ஆராய்ச்சி உலகம் யோசிக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

இப்போது ஜிம்முக்கு வருவோம். இங்கேதான் உஷார் இரண்டு மடங்கு தேவை.

2008-ல் வாரணம் ஆயிரம் வந்தபோது சூர்யாவின் சிக்ஸ் பேக்கைப் பார்த்து ஜிம்முக்கு ஓடிய கூட்டம் இன்று பிள்ளை குட்டியோடு இருக்கிறது. அவர்களுக்குப் பார்த்து ஏங்க ஒரு நடிகர் இருந்தார். இன்றைய பையனுக்குக் கைக்குள் ஆயிரம் உடம்பு, விரலைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். எவ்வளவு ஏற்றினாலும் தன் உடம்பு மட்டும் அவன் கண்ணுக்குச் சின்னதாகவே தெரியும். இது திமிரோ அழகுப் பைத்தியமோ இல்லை. ஹாரிசன் போப் என்ற ஹார்வர்டு மனநல மருத்துவரும் அவரது குழுவினரும் 1990-களில் பாடிபில்டர்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். சாப்பிட மறுக்கிற பெண்ணுக்கு எலும்பும் தோலுமான உடம்பும் குண்டாகத் தெரிகிற மாதிரி, இந்தப் பையன்களுக்குக் கட்டுமஸ்தான உடம்பும் நோஞ்சானாகத் தெரியும். மசில் டிஸ்மார்ஃபியா என்று பெயர். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையோ தொளதொள டீஷர்ட்டோ போட்டு உடம்பை மறைக்கிற ஜிம் பையனைப் பார்த்தால் கூச்ச சுபாவம் என்று விட்டுவிடாதீர்கள்.

இந்த ஏக்கத்தில் காசு பார்க்கத்தான் ஆட்கள் இருக்கிறார்களே. முதலில் டப்பா. கேரளத்துக் கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸும் குழுவினரும் இந்தியாவில் விற்கிற 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 70 சதவீத டப்பாக்களில் புரோட்டீன் அளவு லேபிளில் போட்டபடி இல்லை. 14 சதவீதத்தில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை விஷம், 8 சதவீதத்தில் பூச்சிமருந்து எச்சம். அதே வருடம் ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் உடம்பு ஏற்றப் புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்றே வழிகாட்டியது. கைத்தறிக் கூலியில் படிக்க வைக்கிற வீட்டில், மாசம் மூவாயிரம் டப்பாவுக்குப் போகிறது. முட்டையும் கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் நம் கடையிலேயே கிடைக்கின்றன, லேபிளும் வேண்டாம்.

டப்பாவோடு நின்றால் பரவாயில்லை. அடுத்தது ஊசி. "மாஸ்டர், நேச்சுரலா இவ்ளோதான் வருமா?" என்று பையன் கேட்கும் நாள் வரும். பொறுப்பான மாஸ்டர் "வருஷக்கணக்குல ஆகும்டா, பொறு" என்பார். மற்றவர் "சைக்கிள் போடறியா?" என்பார். மிதிக்கிற சைக்கிள் அல்ல, ஸ்டீராய்டு ஊசியை வாரக்கணக்கில் போடுவதற்கு ஜிம்மில் அதுதான் பேர். வெளியிலிருந்து ஹார்மோனை ஏற்றினால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். விரை சுருங்கும், மார்பு பெண்ணைப்போல் பெருக்கும், பிற்பாடு குழந்தை பிறப்பதே சிக்கலாகலாம், இதயத் தசை தடிக்கும். நிறுத்தியதும் வருகிற மனச்சோர்வு ஆளையே முழுங்கிவிடும். அப்பா அம்மாவிடம் சொல்லவும் முடியாது.

ஸ்டீராய்டு தவிர இன்னொன்று, மெஃபென்டெர்மின். ஆபரேஷனின்போது முதுகில் மயக்க ஊசி போட்டு ரத்த அழுத்தம் விழுந்தால், அதைத் தூக்கிவிட மயக்க மருத்துவர் கொடுப்பது. தியேட்டருக்குள் இருக்கவேண்டிய இதை 'பம்ப்' ஏறும் என்று வெயிட் தூக்கும் முன் போட்டுக்கொள்கிற பையன்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். நெஞ்சு படபடக்கும், தூக்கம் போகும், சந்தேக புத்தி வரும், காதில் குரல் கேட்க ஆரம்பிக்கும். பையனின் பையில் சிரிஞ்சோ, லேபிள் கிழித்த சின்னக் குப்பியோ இருந்தால் அது 'வைட்டமின்' என்று அவன் சொல்வதை நம்பாதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கதை வேறு மாதிரி. ஓரிக்கைச் சாலையில் விடியாத இருட்டில் ஒரு பெண் தனியாக ஓடிவிட முடியுமா? ஆகவே எல்லாம் மூடிய அறைக்குள். 'ஏழே நாளில் தொப்பை காணாமல் போகும்' வீடியோ, சாப்பாட்டைப் பாதியாகக் குறைப்பது, அதையும் பிறகு கால்வாசியாக்குவது. 'டயட்ல இருக்கா' என்று வீடு சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். அம்மாக்களே, உங்களுக்கு மட்டும் தெரிகிற ஒரு கணக்கு இருக்கிறது. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் நின்றால், உள்ளே போகிற சாப்பாடு உடம்பு செலவழிப்பதற்குப் போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அந்த நிலை நீடித்தால் எலும்பு அரிக்கும். அந்த வயதில் சேரவேண்டிய எலும்பு வலு பிறகு சேராது. 'தொல்லை விட்டது' என்று அவள் சந்தோஷப்பட்டாலும் நீங்கள் படாதீர்கள்.

போலீஸ் செலக்‌ஷன் பையன்களைச் சொன்னேன். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடவேண்டும். மார்பு 81 செ.மீ. இருக்கவேண்டும், மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரியவேண்டும். இவர்களுக்கு ஓட்டத்துக்கு ஒரு காரணமும், முடிகிற தேதியும் இருப்பதால் மனசு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். ஆபத்து அவசரத்தில். அறிவிப்பு வரும்வரை சும்மா இருந்துவிட்டு, வந்த மறுநாளிலிருந்து வெறியாக இறங்குவது. 2024-ல் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வில் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடவைத்தார்கள். பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். வெயிலா, ஊக்க மருந்தா என்று சண்டை நடந்தது, தேர்வைச் சில நாள் நிறுத்திவைத்தார்கள்.

முதல் நாளே ஐநூறு பஸ்கி, முந்நூறு தண்டால் என்று பந்தயம் கட்டுகிறவர்களுக்கும் ஒரு தனி எச்சரிக்கை. தசை கிழிந்து அதன் சத்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடக்கூடும். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். சாதாரண வலி இரண்டு மூன்று நாளில் வடியும். இது வடியாது. தசை வீங்கிக் கல்லாகும், சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகும்.

சரி, ஆசையாகச் செய்கிற பிள்ளையையும் மாட்டிக்கொண்ட பிள்ளையையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நேரத்தை மட்டும் எண்ணாதீர்கள். மாவட்ட அளவில் கபடி ஆடுகிற பையன் தினமும் மூன்று மணி நேரம் கிரவுண்டில் கிடப்பான், ஜம்மென்று இருப்பான். பேச்சுவாக்கில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்னிக்கு போகலைன்னா என்னப்பா ஆயிடும்?" "ஒண்ணும் ஆகாது, போர் அடிக்கும், பசங்க கலாய்ப்பானுங்க" என்று பதில் வந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். முகம் சுண்டி, "அதெல்லாம் முடியாது, எல்லாம் போயிடும்" என்று எரிந்து விழுந்தால் கொஞ்சம் பக்கத்தில் உட்காருங்கள். ஜுரத்தோடு ஓடுகிறானா, சுளுக்கின காலைக் கட்டிக்கொண்டு ஜிம்முக்குப் போகிறாளா, விருந்து வீட்டுக்கு வராமல் நழுவப் பார்க்கிறார்களா, சாப்பிட்டதும் காணாமல் போகிறார்களா, சிநேகிதர்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்களா என்று பாருங்கள். முக்கியமாக, ஓடிவிட்டு வந்தபின் முகம் மலர்கிறதா, இல்லை ஒரு பாரத்தை இறக்கி வைத்த மாதிரி மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தெரிந்ததும் ஜிம் ஃபீஸை நிறுத்துவது, ஷூவைத் தூக்கி எறிவது, தட்டு நிறையச் சோற்றைப் போட்டு எதிரே உட்கார்ந்து மிரட்டுவது எல்லாம் வேலைக்கு ஆகாது, ஒளிந்து செய்யத்தான் கற்றுக்கொள்வார்கள். எடையைப் பற்றிய பேச்சை வீட்டில் அடியோடு நிறுத்துங்கள், கேலியாகக்கூட வேண்டாம். தனியாக ஓடுகிறவனை நாலு பேரோடு சேர்த்துவிட முடிந்தால் சேர்த்துவிடுங்கள். சாயங்கால வாலிபாலோ ஷட்டிலோ போதும். தோற்றாலும் சிரிக்கிற இடமாக இருக்கவேண்டும். கல்லூரி பி.டி. சார்களும் கொஞ்சம் மனசு வைக்கலாம். டீமில் இல்லாத மாணவனை அவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பது என் பழைய ஆதங்கம்.

பேச்சுக்கு மசியவில்லை என்றால் 14416-க்கு போன் போடுங்கள். டெலி மானஸ், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள். நேரில் போக காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. 'பைத்தியக்கார டாக்டர்' என்று ஊர் பேசுமே என்று தயங்காதீர்கள். சாப்பாடும் எடையும் சம்பந்தப்பட்டது என்பதால் பொது மருத்துவரிடமே ஆரம்பிக்கலாம், பொட்டாசியமும் சோடியமும் ஈசிஜியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். என்ன பவுடர், என்ன மாத்திரை, என்ன ஊசி என்று டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். டாக்டர் முன்னால் பிள்ளையைத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த கேள்விக்குப் பொய்தான் வரும்.

சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனாலோ, மயக்கம் வந்தாலோ, நெஞ்சு அடைத்தாலோ போனில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு நேரே ஜி.எச். போய், சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனையை அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.